ஜப்பான் கோல்ஃப் அயர்ன் செட்: மிசுனோ, சிரிக்ஸன், மியூரா. 41 மீட்டர் வேகத்துக்கு எந்த ஷாஃப்ட்?

நடுப்புல்வெளி கேட்டது:

வணக்கம். ஜப்பானில் செகண்ட் ஹேண்ட் கோல்ஃப் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட் ஒன்று எடுக்கப் போகிறேன். ஹெட் (பந்தை அடிக்கும் தலை) பற்றி நிறையப் படித்தாயிற்று. குழப்பமெல்லாம் ஷாஃப்டில், அதாவது தண்டில்தான்.

என் கணக்கு இது: டிரைவர் (நீள அடிக்கான பெரிய மட்டை) ஹெட் ஸ்பீட் நொடிக்கு 41 மீட்டர், 7 அயர்ன் 34 மீட்டர். இப்போது கையில் இருப்பது 34 டிகிரி லாஃப்ட் (ஃபேஸ், அதாவது அடிக்கும் முகம், பின்சாயும் கோணம்) உள்ள 7 அயர்ன் கொண்ட பழைய பிளேட் செட், ஷாஃப்ட் டைனமிக் கோல்ட் எஸ்200. கேரி (பந்து காற்றில் பறக்கும் தொலைவு) 140 யார்டு. முதல் பத்துப் பன்னிரண்டு குழி வரை பரவாயில்லை. அதற்குப் பிறகு பந்து வலப்பக்கம் தாழ்வாகப் போகிறது. டெம்போ (வீச்சின் தாளம்) நிதானம், மேலிருந்து இறங்கும்போது வெட்டி இழுக்கும் பழக்கம் இல்லை.

பட்டியலில் இருப்பவை மிசுனோ ப்ரோ 243, சிரிக்ஸன் இசட்.எக்ஸ்.5 மார்க் 2, மியூரா எம்.சி-501. ஆசைக்கு ஒரு ஹோன்மாவும் உண்டு.

1. தொலைவில் இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?
2. நிப்பான் 950 ஜி.எச்., மோடஸ் 105, மோடஸ் 120 மூன்று ஷாஃப்டில் எது, எந்த ஃப்ளெக்ஸ் (விறைப்பு அளவு)?
3. பிடித்த ஹெட்டில் பிடிக்காத ஷாஃப்ட் இருந்தால் வாங்கி மாற்றிக்கொள்ளலாமா?
4. டிரைவருக்கு டூர் ஏ.டி. டி.ஐ-6 எஸ் ஷாஃப்ட் கிடைக்கிறது. எடுக்கலாமா?

---

பட்டறை பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது முடிந்தால் மற்றவை பாதி தானாக முடியும்.

ஷாஃப்டில் முதலில் பார்க்க வேண்டியது எடை. அடுத்து எந்த இடத்தில் வளைகிறது என்பது. எஸ் (விறைப்பு), ஆர் (சாதாரணம்) என்ற எழுத்து கடைசி. கடையில் எல்லோரும் இதைத் தலைகீழாகக் கேட்கிறார்கள்.

எழுத்தை ஏன் கடைசியில் தள்ளுகிறேன் என்றால், எஸ் என்பதற்குப் பொது அளவே கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வரிசைக்குள் 'இது அதைவிட விறைப்பு' என்று வைத்துக்கொண்ட குறி அது. ஜப்பான் சந்தைக்கான செட்களில் நிறுவனமே போட்டுத் தரும் கார்பன் ஷாஃப்டின் எஸ், அமெரிக்கச் சந்தையில் ஆர் என்று விற்பதற்குப் பக்கத்தில் நிற்பது சகஜம். ஆர், எஸ் இரண்டுக்கும் நடுவில் எஸ்.ஆர். என்று ஒரு படி அங்கே அதிகம் புழங்கும். ஷாஃப்டை அதிரவிட்டு அதிர்வெண் எடுத்து நிமிடத்துக்கு இத்தனை என்று சொல்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். கிரிப் (கைப்பிடி) பக்கம் எத்தனை அங்குலம் கவ்வினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரே கருவியில் அளந்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிடலாம்.

எடை அப்படியல்ல, கிராம் எங்கும் கிராம்தான். வெட்டாத எஸ் ஷாஃப்டின் எடை தோராயமாக இப்படி:

என்.எஸ். ப்ரோ 950 ஜி.எச்.: 98 கிராம்
மோடஸ் 3 டூர் 105: 106.5 கிராம்
மோடஸ் 3 டூர் 120: 114 கிராம்
மோடஸ் 3 டூர் 130: 124 கிராம்
டைனமிக் கோல்ட் எஸ்200: 129 கிராம்

பெயரில் உள்ள எண்ணைக் கிராம் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. மோடஸ் 120 எஸ் 114 கிராம்தான், அதைவிட விறைப்பான எக்ஸ்தான் 120. டைனமிக் கோல்டின் எஸ்200, எஸ்300, எஸ்400 மூன்றும் ஒரே ஃப்ளெக்ஸ், எடைத் தரம் மட்டும் ஒன்றிரண்டு கிராம் ஏறும். 'எஸ்400 ரொம்ப விறைப்பு' என்பது காதால் கேட்ட பேச்சு.

ஸ்பீடுக்கு எடை என்று நான் வைத்திருக்கும் கரடுமுரடான கணக்கு: டிரைவர் 38 மீட்டருக்குக் கீழ் என்றால் 80 கிராமுக்கு உட்பட்ட ஸ்டீல் (ஜீலோஸ் 7 போல) அல்லது கார்பன். 38 முதல் 42 வரை 80–105. 42 முதல் 45 வரை 105–115. அதற்கு மேல் 115-ஐத் தாண்டலாம். மைல் கணக்கில் பார்ப்பவர்கள் மீட்டரை 2.237-ஆல் பெருக்குங்கள். உங்கள் 41 மீட்டர் ஏறத்தாழ 92 மைல்.

அதாவது இப்போது நீங்கள் தூக்கிக்கொண்டிருப்பது உங்கள் வேகத்துக்கு இருபது கிராமுக்கு மேல் அதிகம். பத்துக் குழி வரை உடம்பு தாங்குகிறது. பிறகு கால் சோர்ந்து கை பிந்துகிறது, ஃபேஸ் மூடாமல் பந்தைச் சந்திக்கிறது, வலப்பக்கம் தாழ்வாகப் போகிறது. நீங்கள் சொல்வது கனமான ஷாஃப்டின் பாடப்புத்தக அடையாளம். ஸ்விங்கைக் குறை சொல்லிப் பாடம் எடுக்கப் போகும் முன் இதைச் சரி செய்யுங்கள்.

950 எஸ் அல்லது மோடஸ் 105 எஸ். இரண்டில் ஒன்று என்றால் 105-க்கு என் ஓட்டு. 129-லிருந்து நேராக 98-க்கு இறங்கினால் கைக்குக் காற்றாடியாக இருக்கும். முதல் வாரம் எல்லாம் இடப்பக்கம் போகும், பிறகு தானாகக் கையைப் பிடித்து நிறுத்தப் பழகுவீர்கள். அந்தப் பழக்கம் வந்தால் போக்குவது கஷ்டம். 105-இன் ஆர் கிடைத்தாலும் முயன்று பாருங்கள். நிதான டெம்போவுக்கு அது தவறல்ல.

மோடஸ் 120 வேறு ரகம். நடுப்பகுதி மென்மை, முனை (ஹெட் பக்கம்) விறைப்பு. மேலிருந்து இறங்கும்போது வளைந்து சேர்வது கையில் தெரியும். அதனால் எழுத்தில் எஸ் என்றாலும் பலருக்கு டைனமிக் கோல்டைவிட மென்மையாகப் படும். ஆனால் முனை விறைப்பு என்பதால் பந்து தாழ்வாகவே கிளம்பும். ஏற்கெனவே தாழ்வாகப் போகிறது என்பவருக்கு இது மருந்தல்ல.

---

மெல்லிரும்பு பதில்:

ஷாஃப்ட் பற்றிப் பட்டறை சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஹெட்டை முடிவு செய்யாமல் ஷாஃப்டை முடிவு செய்வது அரைகுறை. காரணம் லாஃப்ட்.

மிசுனோ ப்ரோ வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 241-இன் 7 அயர்ன் 34 டிகிரி, 243-இல் 32, 245-இல் 30. பெயர் ஒன்று, வரிசை ஒன்று, நம்பர் ஒன்று, நான்கு டிகிரி வித்தியாசம். நான்கு டிகிரி என்றால் ஒரு முழு கிளப். இசட்.எக்ஸ்.5 மார்க் 2-இன் 7 அயர்ன் 31 டிகிரி. லேசான செட்கள் செய்யும் ஜெக்ஸியோ பக்கம் போனால் 28, 29 என்று இறங்கும். அங்கே '7 அயர்னில் 165 அடித்தேன்' என்பவர் பழைய கணக்கில் 5.5 அயர்னைத்தான் அடிக்கிறார். தொலைவை ஒப்பிட வேண்டுமானால் கிளப்பின் அடியில் உள்ள நம்பரை மறந்துவிட்டு, லாஃப்டும் நீளமும் சமமாக உள்ள இரண்டு கிளப்களை ஒப்பிடுங்கள்.

ஒரு டிகிரிக்கு இரண்டு மூன்று யார்டு என்று வையுங்கள். உங்கள் 34-லிருந்து 31-க்குப் போனால் லாஃப்டால் மட்டும் எட்டு யார்டு பக்கம் கூடும். மீதி ஏதாவது கூடினால் அது ஃபேஸின் வேலை. 243-இல் நீள அயர்ன்கள் 7 வரை குரோம்-மாலிப்டினம் கலந்த 4120 எஃகில் ஃபோர்ஜ் செய்து (சூடாக்கி அடித்து உருவாக்கி) உள்ளே சிறு பள்ளம் வெட்டியவை, 8-லிருந்து வெட்ஜ் (லாஃப்ட் அதிகமான, குறுந்தொலைவு அயர்ன்) வரை 1025 மெல்லிரும்பு. இசட்.எக்ஸ்.5-இல் உடல் மெல்லிரும்பு, ஃபேஸ் ஸ்பிரிங் எஃகு வகையான எஸ்.யு.பி.10. எம்.சி-501-இல் இப்படி எதுவும் இல்லை, ஹெட் முழுவதும் மெல்லிரும்பு. அதில் உதவி குறைவு, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரே தொலைவு வரும். மெல்லிய ஃபேஸ் வைத்த அயர்ன்களில் நடுவில் சரியாகப் பட்டு ஸ்பின் (பந்தின் சுழற்சி) குறைந்தால், திடீரென்று ஒரு பந்து பத்து யார்டு கூடுதலாகப் பறந்து கிரீனை (குழி உள்ள குறும்புல் பகுதியை) தாண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும், ஸ்கோர் கார்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

லாஃப்ட் வலுவானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பந்து எந்தக் கோணத்தில் இறங்குகிறது? 7 அயர்ன் 45 டிகிரிக்குக் குறையாமல் இறங்கினால் கிரீனில் நிற்கும். லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் பறப்பை அளக்கும் கருவியில்) தொலைவை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். 34 மீட்டர் ஸ்பீடுக்கு 28 டிகிரி 7 அயர்ன் தொலைவு தரும், நிற்காது. இதனால்தான் உங்கள் பட்டியலில் 243-ஐ மேலே வைக்கிறேன்.

இனி வெட்ஜ். 243-இன் பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி, இசட்.எக்ஸ்.5-இல் 44. உங்களிடம் 52, 56 டிகிரி வெட்ஜ் இருந்தால் 243-க்கு அப்படியே பொருந்தும். 44-க்கு என்றால் 48–49 ஒன்று நடுவில் வேண்டும். செட் விலையைப் பார்க்கும்போது அந்தக் கூடுதல் வெட்ஜையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஜப்பானில் செட் என்றால் பெரும்பாலும் 5 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஆறு கிளப். 4 அயர்னும் அப்ரோச் வெட்ஜும் தனியே தேட வேண்டியிருக்கும், பழைய மாடலுக்கு அவை லேசில் கிடைக்காது.

தயாரிப்பு பற்றி இரண்டு வரி, ஏனென்றால் இதில்தான் கதைகள் அதிகம். மிசுனோவின் கிரெய்ன் ஃப்ளோ ஃபோர்ஜிங் ஹிரோஷிமாவில் நடக்கிறது. ஒரே இரும்புத் துண்டிலிருந்து ஹெட்டும் ஹோசலும் (ஷாஃப்ட் செருகும் குழாய்) சேர்ந்து உருவாகும். மியூரா ஹிமேஜி பக்கம். அவர்கள் ஹோசலைத் தனியே செய்து சுழற்றி வெல்ட் செய்கிறார்கள். இரண்டில் எது உயர்வு என்று இணையத்தில் பத்துப் பக்கம் சண்டை போடலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஷாஃப்டில் அடித்தால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. மியூரா இருக்கும் ஹியோகோ மாகாணத்தில்தான் இச்சிகாவா என்ற சிற்றூரும் இருக்கிறது, ஜப்பானிய அயர்ன் பிறந்த இடம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். நீகாட்டாவின் சுபாமேயில் உள்ள எண்டோ பல பெயர்களுக்காக ஃபோர்ஜ் செய்கிறது, தன் பெயரில் எபான் என்று விற்கிறது. பெயர்ப்பலகைக்காகப் பணம் தருவதற்கு முன் இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது.

மெல்லிரும்பில் கையில் கிடைக்கும் உண்மையான லாபம் ஒன்றுண்டு. எஸ்20சி, எஸ்25சி என்று குறிக்கப்படும் இரும்பில் கார்பன் கால் சதவீதம் அளவுதான். அதனால் லை (ஷாஃப்ட் தரையோடு நிற்கும் கோணம்), லாஃப்ட் இரண்டையும் இரண்டு டிகிரி வரை பயமில்லாமல் வளைக்கலாம். கடினமான வார்ப்பு எஃகில் அதே வேலையைச் செய்தால் விரிசல் விடலாம். லாஃப்டை ஒரு டிகிரி வலுவாக்கினால் (குறைத்தால்) பவுன்ஸும் (ஹெட்டின் அடிப்பாகம் மண்ணில் புதையாமல் தடுக்கும் கோணம்) ஒரு டிகிரி போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஈரமான புல்லில் அது மண்ணைத் தோண்டும்.

எம்.சி-501 நல்ல கிளப். ஆனால் பன்னிரண்டாம் குழியில் களைத்துப்போகும் ஆளுக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

---

நடுப்புல்வெளி:

இருவருக்கும் நன்றி. மியூராவை எடுத்துவிட்டேன், மனசில்லாமல்.

243 செட் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்றில் டைனமிக் கோல்ட் 120 எஸ்200, இன்னொன்றில் 950 ஜி.எச். நியோ எஸ். முதலாவது விலை குறைவு. அதை வாங்கி மோடஸ் 105 போட்டால் என்ன சிக்கல் வரும்?

---

பட்டறை:

சிக்கல் மூன்று. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் துளை. அயர்ன் ஹோசல் 9.0 மில்லிமீட்டர் டேப்பர் (முனை நோக்கிச் சிறுத்துப்போகும் ஷாஃப்டுக்கு), அல்லது 9.4 மில்லிமீட்டர் பேரலல் (முனையில் ஒரே தடிமனான ஷாஃப்டுக்கு). அங்குலத்தில் 0.355, 0.370. மிசுனோ ப்ரோ வகைகள் டேப்பர்தான் என்றாலும், இடையில் யாராவது கை வைத்திருக்கலாம். ஷாஃப்டைக் கழற்றி அளந்த பிறகுதான் புதியதை ஆர்டர் செய்ய வேண்டும். டேப்பர் ஷாஃப்ட் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக வரும், வெட்டுவது கிரிப் பக்கம் மட்டும். பேரலல் ஷாஃப்ட் ஒரே நீளத்தில் வரும், நம்பருக்கு ஏற்ப முனையை வெட்ட வேண்டும். டேப்பரின் முனையை வெட்டினால் துளைக்குள் பாதியில் நிற்கும். நீளத்தில் மிச்சமாகத் தெரியும், பசை பிடிக்காது, ஒரு நாள் ஹெட் தனியே பறக்கும். 9.0 துளையை 9.4-க்குத் துளைத்துப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவர் கடையில் நிற்காதீர்கள். ஹோசல் சுவர் மெலிந்துபோகும்.

இரண்டாவது ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகப் படுகிறது என்ற அளவு (டி0, டி1, டி2 என்று புள்ளி புள்ளியாக ஏறும்). கணக்கு எளிது: ஷாஃப்டில் 9 கிராம் ஒரு புள்ளி, ஹெட்டில் 2 கிராம் ஒரு புள்ளி, கிரிப்பில் 4–5 கிராம் ஒரு புள்ளி (எதிர்த்திசையில்), நீளத்தில் அரை அங்குலம் மூன்று புள்ளி. டி.ஜி. 120 எஸ்200 118 கிராம், மோடஸ் 105 எஸ் 106.5. பன்னிரண்டு கிராம் குறைகிறது, ஒரு புள்ளிக்குச் சற்று மேல். டி2 இருந்தது டி1 அல்லது டி0 பக்கம் வரும். ஹெட்டில் இரண்டு மூன்று கிராம் சேர்த்தால் போதும். ஷாஃப்ட் முனைக்குள் செருகும் பித்தளை அல்லது டங்ஸ்டன் ஊசி இதற்கு வரும். உங்கள் பழைய எஸ்200 செட்டில் இதையே செய்ய நினைத்தால் 22 கிராம் குறைவு, இரண்டரைப் புள்ளி, ஐந்து கிராம் சேர்க்க வேண்டும். அவ்வளவும் ஹோசலுக்குள் போனால் எடை ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) நகரும். நான்கு கிராமுக்கு மேல் வேண்டுமென்றால் மீதியை ஈயப் பட்டையாக ஹெட்டின் பின்புறம் ஒட்டுவதே மேல், அழகு கெட்டாலும்.

எல்லாம் டி2-வில் நிற்க வேண்டும் என்று பிடிவாதமும் வேண்டாம். மொத்த எடை குறைந்தால் டி0-வே போதும் என்று பலருக்குப் படும். ஒரு கிளப்பை மட்டும் முதலில் மாற்றி, டேப் ஒட்டி, கழற்றி, அடித்துப் பார்த்து எண்ணை முடிவு செய்த பிறகு மற்ற ஐந்தையும் செய்யச் சொல்லுங்கள். ஆறையும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் பிறகு 'கொஞ்சம் லேசாயிருக்கே' என்றால் மறுபடி கழற்ற வேண்டும்.

மூன்றாவது சூடு. ஹோசலை மட்டும் சூடாக்க வேண்டும், ஃபேஸ் பக்கம் சுடர் போகக் கூடாது. குரோம் பூச்சு நீலம் பாய்ந்தால் திரும்பாது. உள்ளே வெற்றிடம் உள்ள ஹெட் (245 போல) என்றால் உள்ளே உள்ள ஒட்டுகளும் இளகலாம். கார்பன் ஷாஃப்டைக் காப்பாற்ற நினைத்தால் முறுக்கவே கூடாது, நேராக இழுக்கும் புல்லர் கருவி வேண்டும். முறுக்கினால் நார்கள் பிரிந்துவிடும், வெளியே தெரியாது. புதிய பசை போட்டபின் 24 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். மாலையில் கொடுத்து மறுநாள் காலை பயிற்சி ரேஞ்சுக்குப் போவது வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு. ஆறு புதிய ஷாஃப்ட், ஃபெரூல் (ஹோசலுக்கு மேல் வரும் வளையம்), கிரிப், கூலி எல்லாம் கூட்டினால் விலை வித்தியாசம் காணாமல் போகும். 950 நியோ எஸ் செட்டையே பாருங்கள். நியோ, பழைய 950-ஐ இன்றைய வலுவான லாஃப்ட்களுக்காகத் திருத்திய வடிவம். எடை அதே வகை, பந்து சற்று உயரமாகக் கிளம்பும். தாழ்வாகப் போகிறது என்பவருக்கு அது நல்லதுதான்.

---

பதினெட்டாம் குழி பதில்:

பட்டறை சாரோடு ஓர் இடத்தில் உடன்பட மாட்டேன். முதலில் மோடஸ் 105 என்றார், இப்போது கிடைக்கிறது என்பதால் 950 நியோ என்கிறார். 129-லிருந்து 98-க்கு இறங்கினால் கை அலையும் என்று எழுதியவரும் அவரே. நடுப்புல்வெளிக்கு நிதான டெம்போ. அந்த டெம்போ இதுவரை நின்றதே எடையின் தயவால் என்றால் என்ன செய்வது? 105 போட்ட 243 செட் தேடினால் கிடைக்கும், அவசரம் வேண்டாம். முடிந்தால் இரண்டையும் அடித்துப் பாருங்கள். அதற்கும் ஒரு முறை உண்டு.

புத்துணர்ச்சியோடு பத்துப் பந்து அடித்து எடுத்த எண்ணை நம்பாதீர்கள். உங்கள் பிரச்சினை களைத்த பிறகு வருவது. முதலில் டிரைவரில் ஒரு முப்பது அடித்து உடம்பைச் சலிக்க வைத்து, அதற்குப் பிறகு இரண்டு ஷாஃப்டையும் மாற்றி மாற்றி ஐந்தைந்தாக அடியுங்கள். ஹெட், லாஃப்ட், நீளம், கிரிப் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனைக்கு மதிப்பில்லை. சராசரித் தொலைவை ஒதுக்கி வைத்து, இடம் வலமாக எவ்வளவு பரவுகிறது, மிக மோசமான இரண்டு பந்து எங்கே போகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மிசுனோவின் ஷாஃப்ட் ஆப்டிமைசர் கருவி வைத்திருக்கும் கடை என்றால் மூன்று ஸ்விங்கில் ஹெட் ஸ்பீட், டெம்போ, முனை கீழே சரியும் அளவு, கிக் கோணம், ரிலீஸ் ஐந்தையும் எண்ணாகக் கொடுத்துவிடும். பரிந்துரை எதுவாக இருந்தாலும் அந்த ஐந்து எண்ணை எழுதி வாங்குங்கள். பிறகு எந்தக் கடையிலும் உதவும்.

செகண்ட் ஹேண்ட் கடையில் பார்க்க வேண்டியவை:

ஷாஃப்ட் பட்டையில் உள்ள எழுத்தும் சீட்டில் உள்ள எழுத்தும் ஒன்றா? ஆறிலும் ஒரே பட்டையா? நடுவில் ஒன்றை மட்டும் மாற்றிய செட்கள் உண்டு. ஃபெரூலுக்கும் ஹோசலுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் பசை தளர்ந்திருக்கலாம். 7, 8, 9-ஐ அருகருகே நிறுத்தி நீளம் பாருங்கள், அரை அங்குலப் படி சீராக இறங்க வேண்டும். ஸ்டீல் ஷாஃப்டின் உள்ளே துரு இருந்தால் கிரிப் முனையைத் தட்டும்போது பொடி உதிரும். வெட்ஜ், 9 இரண்டின் கோடுகள் மற்றவற்றைவிடத் தேய்ந்திருந்தால் முதல் உரிமையாளர் நிறையப் பயிற்சி செய்தவர், லாஃப்டும் நகர்ந்திருக்கும், அளக்கச் சொல்லுங்கள். நீளம் எழுதியிருந்தால் எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். 60 டிகிரி சாய்வில் வைத்து அளப்பதும் ஹீல் முனையிலிருந்து அளப்பதும் ஒரே கிளப்புக்கு இரண்டு எண் தரும். இடக்கைக்காரர் என்றால் ஜப்பான் சந்தையில் பொறுமை வேண்டும், சரக்கே குறைவு.

கிரிப் மாற்றுவதிலும் ஒரு கண்ணி. ஜெக்ஸியோ போன்ற லேசான செட்களில் கிரிப்பும் லேசு. அதில் வழக்கமான 50 கிராம் கிரிப் போட்டால் ஸ்விங் வெயிட் இரண்டு புள்ளி இறங்கி, ஹெட் எங்கே என்றே தெரியாது. பழைய கிரிப்பை வெட்டியதும் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஹோன்மா ஆசை பற்றி: பெரஸ் வரிசையில் நட்சத்திரம் கூடக் கூட விலை ஏறுவது ஷாஃப்டுக்கும் அலங்காரத்துக்கும்தான். ஹோன்மா ஷாஃப்டையும் சகாட்டாவில் தானே செய்கிறது, ஆகவே அதன் எஸ்.ஆர்., எஸ் எதையும் வேறு நிறுவனத்தோடு ஒப்பிட முடியாது. கையில் எடுத்து அடித்தால்தான் உண்டு. இன்னொன்று, ஹோன்மாவிலும் ஜெக்ஸியோவிலும் போலி சந்தையில் நிறைய. ஜப்பானுக்கு வெளியே நம்ப முடியாத விலையில் வந்தால் தொடாதீர்கள்.

டிரைவர். டி.ஐ-6 எஸ் 65 கிராம் பக்கம், டார்க் (முறுக்கும் அளவு) குறைவு, முனை கெட்டி. 2021 மாஸ்டர்ஸை வென்ற ஜப்பானிய வீரர் மட்சுயாமா அங்கே வைத்திருந்தது இன்னும் கனமும் விறைப்புமான டி.ஐ-8 டி.எக்ஸ். அவருடைய அயர்ன் ஷாஃப்ட் டைனமிக் கோல்ட் டூர் இஷ்யூ எஸ்400. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எடையில் பொருந்தும், நமக்கல்ல. உங்கள் அயர்ன் 100 கிராம் சுற்றி வரப் போகிறது. அதற்கு டிரைவர் 50–60 கிராம், ஃபேர்வே வுட் அதைவிடப் பத்து கிராம் கூடுதல், ஹைப்ரிட் 75–85 என்று படியாக ஏற வேண்டும். டிரைவர் 65, அயர்ன் 98 என்றால் படி மிகக் குறுகியது. டிரைவரில் வலப்பக்கமும் அயர்னில் இடப்பக்கமும் போகும், ஸ்விங்கில் என்ன தவறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 41 மீட்டருக்கு டி.ஐ-5 எஸ் அல்லது எஸ்.ஆர். போதும்.

ஷாஃப்ட் பெயரில் ஏமாறாமலும் இருங்கள். டூர் ஏ.டி., டியாமானா, வென்டஸ் என்று பெரிய பெயர் எழுதி, பக்கத்தில் கிளப் நிறுவனத்தின் பெயரோ 'ஃபார்' என்ற சொல்லோ இருந்தால், அது அந்த கிளப்புக்காகவே செய்த வேறு பதிப்பு. தனியே விற்கும் ஷாஃப்டைவிட மென்மையாகவும் டார்க் கூடுதலாகவும் இருப்பதுதான் வழக்கம். கெட்டது என்று அர்த்தமில்லை, உங்கள் ஸ்பீடுக்கு அதுவே பொருந்தவும் செய்யும். விலை மட்டும் அசல் ஷாஃப்ட் விலையாக இருக்கக் கூடாது.

கடைசியாக, பழைய ஜப்பான் டிரைவர்களில் 'உயர் மீள்திறன்' என்று விற்பவை 2008-லிருந்து விதிக்குப் புறம்பானவை. போட்டியில் ஆடுவதாக இருந்தால் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ வெளியிடும் பட்டியலில் அந்த ஹெட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

---

பட்டறை:

ஒப்புக்கொள்கிறேன், 105 போட்ட செட் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. நியோவை நான் சொன்னது புதிதாக ஷாஃப்ட் மாற்றும் செலவோடு ஒப்பிட்டுத்தான். களைத்த பிறகு சோதிப்பது நல்ல யோசனை, கடைக்காரர் முகம் சுளித்தாலும்.

---

நடுப்புல்வெளி:

தெளிவாகிவிட்டது. 105-க்குக் காத்திருக்கிறேன், டிரைவருக்கு டி.ஐ-5. ஒரே ஒரு சந்தேகம்: வாங்கியதும் லை கோணம் பார்க்க வேண்டுமா, அல்லது அப்படியே ஆடலாமா?

---

மெல்லிரும்பு:

பார்க்க வேண்டும், ஆனால் ஷாஃப்ட் முடிவான பிறகு. ஷாஃப்ட் மாறினால் முனை கீழே சரியும் அளவு மாறும், முன்பு எடுத்த லை கணக்கு செல்லாது.

கருவி இல்லாமல் செய்யலாம். பந்தின் பின்பக்கம் மார்க்கரால் தடித்த செங்குத்துக் கோடு ஒன்று போட்டு, அந்தக் கோடு ஃபேஸைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு ஃபேஸில் பதியும். கீழே உள்ள பள்ளக் கோடுகளுக்குச் செங்குத்தாகப் பதிந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை டோ பக்கம் (ஹெட்டின் வெளி நுனி) சாய்ந்தால் கிளப் அதிக நிமிர்வு, பந்து இடப்பக்கம் இழுக்கும். ஹீல் பக்கம் சாய்ந்தால் தட்டை, வலப்பக்கம் போகும். (இது வலக்கைக்காரருக்கு.) 5, 7, 9 மூன்றிலும் ஐந்தைந்து பந்து பாருங்கள், ஒரே அடியை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேடான இடத்திலும் வழுக்கும் புல் விரிப்பிலும் அடிக்காமல் கெட்டியான சமதளத்தில் அடியுங்கள், இல்லையென்றால் சாய்வு பொய்யாகத் தெரியும்.

243 ஃபோர்ஜ் செய்தது என்பதால் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி தாராளமாக வளைக்கலாம். 7 வரை உள்ளவை 4120 என்பதால் மெல்லிரும்பைவிடச் சற்று முரண்டு பிடிக்கும், வளைத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் வளைத்த உடனே அளந்ததோடு நிறுத்தாமல், இரண்டு ரவுண்ட் ஆடிய பிறகு ஒருமுறை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.